பரூலா கொட்டகையின் சமையல்காரர் தேர்தல்

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. தெர்ஸா அடுப்படி வாசலில் நின்று எதிரே தெரிந்த ஆட்டுக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆடு ஈரமா, காய்ந்துவிட்டதா என்று.

பரூலாவில் மட்டும் இல்லை, அடிலெய்டுக்கு வடக்கே இருந்த ஆட்டுப் பண்ணைகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். மழை பெய்துவிட்டால் ரோமம் கத்தரிக்கும் ஆட்கள் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்ப்பார்கள். பிறகு துண்டுச் சீட்டில் ஆளுக்கொரு சொல் எழுதித் தொப்பியில் போடுவார்கள். ஈரம் என்று அதிகம் விழுந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ஈர ரோமத்தோடு மல்லுக்கட்டினால் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும், தொடையில் கொப்புளம் கிளம்பும். பண்ணை மேலாளர் தலைகீழாக நின்றாலும் தொப்பி சொன்னதுதான் சொன்னது.

தெர்ஸாவுக்கு அதில் ஓட்டு இல்லை. ஆனால் தொப்பிக்குள் விழுவதைப் பொறுத்துத்தான் அவளுடைய பொழுது. வேலை உண்டென்றால் பத்து மணிக்குத் தேநீரும் திராட்சை ரொட்டியும் கொட்டகைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இருபத்தாறு ஆண்களும் சேற்றுக் காலோடு சாப்பாட்டுக் கொட்டிலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, தின்பதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரி தின்பார்கள். எது என்று தெரிவதற்காக அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி காத்திருந்தாள்.

கொட்டகைக் கதவு திறந்தது. ஆட்கள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சேற்றில் குதித்துக் குதித்து வந்தார்கள். ஈரம்தான். தெர்ஸா உள்ளே போய்ப் பெரிய கெண்டியை அடுப்பில் ஏற்றினாள்.

அவள் அங்கே சமையல்காரி இல்லை. சமையல்காரர் அவள் கணவன் ஜேபஸ். அந்த வேலைக்கும் தேர்தல் உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆட்கள் கூடி, தங்களுக்கு யார் ஆக்கிப்போட வேண்டும் என்று சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்; அவருக்குத் தங்கள் கூலியிலிருந்தே சம்பளம் கொடுப்பார்கள். ஜேபஸை இரண்டு வருடமாக ஒரு சீட்டுகூட மாறாமல் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ரொட்டிக்காகத்தான். ஜேபஸ் ரொட்டி என்றால் அடுத்த பண்ணைக்காரர்களுக்கும் தெரியும்.

அந்த ரொட்டி தெர்ஸாவின் ரொட்டி. இது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மூன்டாவின் செம்புச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் தூசியைத் தின்ற நெஞ்சு ஜேபஸுடையது. மாவை இரண்டு புரட்டுப் புரட்டினால் இருமல் வந்து ஆளையே மடக்கிப் போட்டுவிடும். அதனால் அவள் விடியும் முன்பே எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு மாவு பிசைவாள். சுட்டு எடுத்ததும் அவன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ரொட்டியைத் தூக்கிப் போவான். ரொட்டியை மேஜைக்குக் கொண்டுபோவதும், பாராட்டையும் வசவையும் வாங்கிக்கொள்வதும் சமையல்காரரின் வேலை. யாராவது அடுப்படிப் பக்கம் வந்தால் அவள் கையிலிருக்கும் மாவைத் துடைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிடுவாள். ரொட்டியைப் புகழ்ந்தால், "அவருக்குக் கைராசி" என்பாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மை போலப் பழகிவிட்டது.

பத்து நாளைக்கு முன் ஜேபஸ் துணியில் இரத்தத்தைத் துப்பினான். ரோம மூட்டை ஏற்றிய வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே அவனைப் படுக்கவைத்துத் துறைமுக ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் கூடப் போகவில்லை. போனால் அடுப்பு அணைந்துவிடும். அடுப்பு அணைந்தால் சம்பளம் நின்றுவிடும். அதற்குப் பிறகு அவளிடம் பேசுவதற்கு ஆளில்லை. மேலாளரின் மனைவி அடிலெய்டில் இருந்தாள். அறுபது மைல் சுற்றளவில் இன்னொரு பெண் குரல் கிடையாது. ஆண்கள் மரியாதையானவர்கள்தான், ஆனால் அவள் கொட்டிலுக்குள் நுழைந்தாலே பாதிரியார் வந்துவிட்டது போலப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் வெளியே வந்த பிறகுதான் சிரிப்புச் சத்தம் மறுபடி எழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

மூன்று நாளைக்கு முன் பிட்டக் என்றொருவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை தேடி வந்து சேர்ந்தான். சமைத்திருக்கிறானாம், வேறு கொட்டகைகளில். அன்றிலிருந்து கொட்டிலில் கணப்புப் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். புதிய சமையல்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சும் அன்றிலிருந்துதான் கிளம்பியது.

தேநீரும் ரொட்டியும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தெர்ஸா வழக்கம்போலத் திரும்பவில்லை. ஏப்ரன் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். மூன்டா தேவாலயச் சபையிலிருந்து அவள் தோழி தபாலில் அனுப்பியிருந்த மனு. வந்து ஒரு வாரமாகிறது. அதில் அவளுடைய கையெழுத்து மட்டும் தனியாக இருந்தது.

"மிஸ்டர் கார்மோடி, இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்ட முடியுமா?"

கார்மோடி ஆட்களின் சங்கப் பிரதிநிதி. மூன்று வருடத்துக்கு முந்தைய வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போய்வந்தவர். அவர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கணீரென்று படித்தார். ஆண்களுக்கு உள்ளது போலவே பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று சட்டசபையைக் கேட்டுக்கொள்ளும் மனு. ஆண், பெண் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம்.

டெனிதான் முதலில் வாயைத் திறந்தான். கொட்டகையிலேயே அதிக ஆடு கத்தரிக்கும் இளைஞன். அந்தப் பெருமை பேச்சிலும் இருக்கும். "பொம்பளைங்க ஓட்டுப் போட்டா முதல் வேலையா சாராயக்கடையை மூடிருவாங்கடா!"

"என் பொண்டாட்டி ஓட்டே இல்லாம மூடிட்டா. அதுக்குத்தான் வருஷத்துல ஆறு மாசம் இங்க வந்து கிடக்கேன்" என்றார் கிழவர் லோவெல்.

கொட்டில் அதிரச் சிரித்தார்கள். அவள் இருக்கும்போதே சிரித்தார்கள். தெர்ஸாவுக்கும் சிரிப்பு வந்தது.

கார்மோடி மேஜையைத் தட்டினார். "சிரிச்சது போதும், யோசிங்கப்பா. நாம ஊர் ஊரா ஆடு கத்தரிக்கப் போயிருக்கிற சமயத்துல தேர்தல் வருது. பண்ணைக்காரன் வீட்டுல உக்காந்துகிட்டு ஓட்டுப் போடுறான். நம்ம ஓட்டு நம்ம கூடவே மூட்டைக்குள்ள கிடக்குது. வீட்டுப் பொம்பளைங்க ஊர்லதானே இருக்காங்க? அவங்களாவது போடட்டுமே. ஒரு ஆடு ஈரமா இல்லையான்னு சொல்லவே நமக்கெல்லாம் ஆளுக்கொரு சீட்டு. மூணு பிள்ளையைப் பெத்து வளர்க்கிறவளுக்கு ஒரு சீட்டு குடுத்தா வானமா இடிஞ்சு விழும்?"

அவரே முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனா மேஜையைச் சுற்றியது. லோவெல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எழுதினார். "போட்டுத் தொலையறேன், ஆனா சாராயக்கடையை மட்டும் விட்டுருங்க மிசஸ்" என்று கும்பிடு போட்டுவிட்டு டெனியும் போட்டான். பிட்டக்கும் போட்டான். தாள் அவளிடம் திரும்பி வந்தபோது அவள் பெயருக்குக் கீழே ஆண்களின் கையெழுத்து நிறைந்திருந்தது. தெர்ஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ சற்று நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கொட்டிலில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்த தைரியத்தில்தான் கேட்டாள். "மிஸ்டர் கார்மோடி, சமையலுக்கு ஆள் எடுக்கப் போறீங்கன்னு சொன்னாங்க. நானும் நிக்கலாமா?"

கார்மோடி தாடியைத் தடவினார். "பொம்பளை நிக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. இதுவரைக்கும் யாரும் நின்னதில்ல, அவ்வளவுதான். நில்லுங்க. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் வெச்சுக்கலாம்."

பிட்டக் கணப்பிலிருந்த கொள்ளியைத் தள்ளிவிட்டுப் புன்னகைத்தான்.

மத்தியானம் அவள் ஆட்டுக்கறிக் குழம்போடு, இருந்த திராட்சையை எல்லாம் போட்டு இன்னொரு ரொட்டியும் சுட்டுவைத்தாள். ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவளை மேஜைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். பிட்டக் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"நான் கேக்கறதைத் தப்பா எடுத்துக்காதீங்க மிசஸ்" என்று டெனி ஆரம்பித்தான். உண்மையிலேயே பணிவாகத்தான் கேட்டான். "இந்தப் பத்து நாளா ரொட்டியில குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஜேபஸ் அண்ணன் நல்லாத்தான் பழக்கிவிட்டிருக்கார். ஆனா சீசன் முடிய இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அவர் பக்கத்துல இல்லாம அதே பக்குவம் வருமா?"

அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வரும் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நெஞ்சு திறந்து கிடந்தது.

"அது அவர் பக்குவம் இல்ல, டெனி. போன வருஷமும் இந்த வருஷமும் நீங்க சாப்பிட்டது என் ரொட்டிதான். அவர் கொண்டுவந்து வெச்சதோட சரி."

டெனியின் முகம் மெல்லச் சிவந்தது.

"அப்போ நாங்க ரெண்டு வருஷமா ஓட்டுப் போட்டது யாருக்கு?"

"அவரால முடியலப்பா. மாவைத் தொட்டாலே மூச்சு முட்டும். தெரிஞ்சா வேலை போயிருமேன்னு..."

"சமைக்காத ஆளுக்கா காசு குடுத்தோம்? நல்ல கதையா இருக்கே! அடுத்த பண்ணைக்காரங்கிட்ட எல்லாம் எங்க ஜேபஸ் எங்க ஜேபஸ்னு தம்பட்டம் அடிச்சேனே, கேட்டா எந்த மூஞ்சியை வெச்சுக்கிறது?"

"ரொட்டி நல்லா இருந்துச்சா இல்லையா? அதைச் சொல்லு" என்றார் கார்மோடி.

"அது பேச்சில்ல. நாம தேர்ந்தெடுத்தது ஒருத்தரை, அடுப்படியில இருந்தது வேற ஆளு. மேலாளர் இப்படிப் பண்ணியிருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

லோவெல் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெர்ஸாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனை எல்லார் முன்னாலும் துணி உரித்து நிறுத்திவிட்டோமே! அவன் இவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பான்?

அப்போதுதான் பிட்டக் பேசினான். அவன் குரலில் கோபமே இல்லை.

"விடுங்கப்பா, பாவம் புருஷனுக்காகப் பண்ணியிருக்காங்க. நான் வேற ஒண்ணு கேக்கறேன். ரொட்டி ஒரு நாள் கருகிப்போச்சுன்னு வைங்க. என்னை என்ன வேணா சொல்லித் திட்டலாம், எங்க அம்மா வரைக்கும் இழுக்கலாம், நான் காதுல வாங்க மாட்டேன். மிசஸை என்னன்னு திட்டுவீங்க? 'மன்னிக்கணும் மேடம், இன்னிக்கு ரொட்டி லேசா கறுத்துப்போச்சுங்க'ன்னா?"

கொட்டில் சிரித்தது. இந்தச் சிரிப்பு காலையில் கேட்டது போல இல்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது போன்ற சிரிப்பு. ஏமாந்துபோனதை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தவர்களுக்கும், அந்தக் கோபத்தைக் காட்ட வெட்கப்பட்டவர்களுக்கும் அவன் ஒரு நல்ல காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டான்.

"ரொட்டி கருகினா சொல்லுங்க, கேட்டுக்கறேன். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்றாள் தெர்ஸா. சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

"சரி, சீட்டு எழுதுவோம்" என்றார் கார்மோடி. பிறகு தயங்கினார். "மிசஸ், நீங்க கொஞ்சம் வெளியில... இது சங்கக் கூட்டம். சங்கத்து ஆளுங்க மட்டும்தான் இருக்கலாம்."

"பிட்டக்?"

"அவன்கிட்ட சங்கத்து உறுப்பினர் அட்டை இருக்கே. அவனுக்கும் ஓட்டு உண்டு."

அவள் அடுப்படிக்கு வந்தாள். யார் ஜெயித்தாலும் ராத்திரிக்கு ரொட்டி வேண்டும். காலையில் பிசைந்து போர்த்திவைத்த மாவு உப்பி விளிம்பைத் தொட்டிருந்தது. அதை அமுக்கி, மேஜையில் கொட்டி மறுபடி பிசையத் தொடங்கினாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. ஜெயித்தால் ஜேபஸின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி பிறக்கும். தோற்றால் அடுத்த வண்டியில் ஏறிப்போய் அவன் கட்டிலோரம் வெறுங்கையோடு உட்கார வேண்டியதுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடவில்லை.

கார்மோடி தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அஞ்சு" என்றார். "உங்களுக்கு அஞ்சு சீட்டு விழுந்தது, மிசஸ்."

தெர்ஸா மாவை உருட்டித் தகரத்தில் வைத்தாள்.

"அதுல ஒண்ணு என்னோடது. சொல்லக் கூடாதுதான், சொல்லிட்டேன்." அவர் தொப்பியைச் சுழற்றினார். "நீங்க போக வேண்டியதில்ல. உங்களை உதவிக்கு வெச்சுக்கறேன்னு பிட்டக்கே சொல்லிட்டான். எல்லாருக்கும் அதுல சந்தோஷம்."

"சம்பளம்?"

"உதவி ஆளுக்குக் குடுக்கறது சமையல்காரர் பாடு. எப்பவும் அப்படித்தானே." சட்டைப் பையிலிருந்து மனுத் தாளை எடுத்து நீட்டினார். "கொட்டில்லயே விட்டுட்டு வந்துட்டீங்க. கோபத்துல யாராவது பேரை அடிச்சிடுவாங்களோன்னு பயந்து நான் எடுத்து வெச்சிருந்தேன். ஒருத்தனும் அடிக்கல, மிசஸ். கேட்டும் பார்த்தேன். அது நல்ல காரியம், இருக்கட்டும்னுட்டாங்க."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் கையில் மாவு இருந்ததால் வாங்கவில்லை. அவர் தாளை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிட்டக் மாலையில்தான் அடுப்படிக்கு வந்தான். ஆணியில் தொங்கிய ஜேபஸின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டான். ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தான். "அருமை. இதையே பண்ணுங்க மிசஸ், ஒண்ணும் மாத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தகரத்தோடு தூக்கிக்கொண்டு போனான்.

கொட்டிலில் விசிலும் கைதட்டலும் பறந்தன. "வந்துட்டான்டா கரிச்சட்டி மகன்!" "டேய் பிட்டக், இது ரொட்டியா, உங்கப்பன் கல்லறையில இருந்து பேத்த கல்லா?" பிறகு மெல்லும் சத்தம். பிறகு யாரோ வாய் நிறைய வைத்துக்கொண்டு, "பரவாயில்லடா, பொழைச்சுக்குவே!" என்றான். பிட்டக் ஏதோ பதில் சொன்னான். கூரை பிய்த்துக்கொண்டு போவது போலச் சிரித்தார்கள்.

குழம்பு ஊற்றுவது உதவி ஆளின் வேலை. சுவரிலிருந்த சின்னத் திறப்பின் இந்தப் பக்கம் தெர்ஸா சட்டியோடு நின்றாள். அந்தப் பக்கம் ஆட்கள் தட்டை ஏந்தி வரிசையாக வந்தார்கள். முதலில் லோவெல். திரும்பிப் பார்த்துவிட்டுத் திறப்புக்குள் தலையை நீட்டினார்.

"மனசை விட்டுராதீங்க மிசஸ். என் சீட்டு உங்களுக்குத்தான்."

நல்ல கறித்துண்டாகப் பார்த்து ஒன்று கூடுதலாக வைத்தாள்.

அடுத்து வந்தவன் சிவப்புத் தாடிக்காரன். தட்டை வாங்கும்போது குரலைத் தாழ்த்தினான். "நான் உங்களுக்குத்தான் போட்டேன். வெளியில சொல்லிராதீங்க." அவனுக்கும் ஒரு துண்டு வைத்தாள். மூன்றாமவனும் நான்காமவனும் அப்படியே. கார்மோடியோடு சேர்த்தால் ஐந்து ஆகிவிட்டது. ஐந்து பேரையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஐந்து முகங்களை ஜேபஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கணக்கில் ஆறாவது ஆள் வந்தான். திறப்புக்குள் குனிந்தான். "மிசஸ், அந்த அஞ்சுல நான் ஒருத்தன்."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்கிறவன் போலத் தெரியவில்லை. கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது. அவள் குழம்பை ஊற்றினாள்.

ஏழாமவனும் அதையே சொன்னான். எட்டாமவன் வாயால் சொல்லாமல் நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். அதற்குப் பிறகு தெர்ஸா முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தட்டுகளை மட்டும் பார்த்தாள். ஒரு தட்டைப் பிடித்திருந்த கையில் கத்தரி பட்ட தழும்பு புதிதாக இருந்தது. அது டெனியின் கை. தட்டு நிறைந்த பிறகும் அது நகரவில்லை.

"மத்தியானம் நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றது அவன் குரல். "ஆனா சீட்டுல உங்க பேர்தான் எழுதினேன். சத்தியமா, மிசஸ்."

"குழம்பு ஆறிடும், போய்ச் சாப்பிடு" என்றாள் தெர்ஸா.

உள்ளே பிட்டக்கை மறுபடி ஏதோ சொல்லித் திட்டினார்கள், மறுபடி சிரித்தார்கள். வரிசையில் இன்னும் பாதிக்கு மேல் ஆட்கள் நின்றார்கள். அடுத்த தட்டு திறப்புக்குள் வந்தது. தட்டுக்குப் பின்னால் ஒருவன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குனிந்து, "மிசஸ்..." என்று மெதுவாக ஆரம்பித்தான்.

அவள் கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டுக் குழம்பைக் கிளறினாள்.